உள்மூச்சில் ஒரு ஆமாம்

ஜூடிக், கேப் பிரெட்டன்
12 செப்டம்பர் 1987

அன்புத் தங்கை ஃப்ளோராவுக்கு,

இஷ்பெல் எழுதுகிறேன். அம்மாவும் நானும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முதல்நாளே தகவல் சொல்லிவிடுகிறது. பாதி வாரம் வானத்தில் இருப்பவளே, உன் காதடைப்பு சரியானதா?

முதலில் உன் மேல் ஒரு புகார். போன ஞாயிறு நீ போன் செய்து, இரண்டே நிமிடத்தில் லைன் அறுந்துவிட்டது என்று வைத்துவிட்டாய். லைன் ஒன்றும் அறுந்துபோகவில்லை. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, முழங்கால் தேவலையா என்று மூன்று கேள்வி கேட்டாய். மூன்றுக்கும் அம்மா ஆமாம் என்றுதான் சொன்னாள். அவளுடைய ஆமாம் எப்படி என்று உனக்கு மறந்துபோயிற்றா? நம் ஊரில் பாதிப் பேர் சொல்வதுதானே? மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்கிற ஆமாம். எதிரே நின்றால், யாரோ திடுக்கிட்டதுபோல ஒரு சின்னச் சத்தம் கேட்கும். போனில் அதுவும் விழாது போல. நீ "அம்மா, இருக்கியா? இருக்கியா?" என்று கத்தினாய். அவள் நாலாவது தடவையும் உள்ளே இழுத்தாள். நீ வைத்துவிட்டாய். "இவளுக்கு அப்படி என்னடி அவசரம்?" என்று அம்மா ரிசீவரைப் பார்த்துக் கேட்டாள்.

நீ கடைசியாக வந்த கிறிஸ்துமஸில் ஒன்றைக் கவனித்தேன். உன் ஆமாம் வெளியே வருகிறது, ரேடியோவில் செய்தி வாசிப்பவள் சொல்வதுபோல. அம்மா நீ கோபமாக இருக்கிறாய் என்று நினைத்து, இரண்டு நாளும் ஓட்ஸ் ரொட்டியாகச் சுட்டுத் தள்ளினாள்.

இனிமேல் கடிதமே எழுது. ஊர்த் தபாலாபீஸில் உட்கார்ந்திருப்பவள் நான். என் தங்கையிடமிருந்தே எனக்குக் கடிதம் வராவிட்டால் ஊர் சிரிக்கும். அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது, நான்தான் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். அவளுக்குத் தெரியக்கூடாதது இருந்தால் தனித்தாளில் எழுது.

காதுக்குள் பஞ்சு வைத்துக்கொள். அம்மாவின் முத்தம்.
இஷ்பெல்


டொரான்டோ
30 செப்டம்பர் 1987

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

என் காது நன்றாக இருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு தைலம் வாங்கியிருக்கிறேன். குதிரைக்குத் தடவுவது என்று கடைக்காரர் சொன்னார், அம்மாவிடம் அதைச் சொல்லாதே.

என் பிழைப்பைக் கேட்டாயானால், நாள் முழுவதும் ஊமை நாடகம். போன வாரம் ஒரு போலந்துப் பெரியவரிடம் "கோழியா, மீனா?" என்று கேட்டேன். எழுந்து நின்று பாஸ்போர்ட்டைக் காட்டினார். "கோழி" என்று கையைச் சிறகாக்கி ஆட்டினேன். பயந்துபோய் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். இன்னொரு விமானத்தில் நான் உயிர்காப்பு உடுப்பை மாட்டிக் காட்டியபோது ஒரு போர்ச்சுகல் அம்மாள் கைதட்டினாள். பன்னிரண்டு படம் போட்ட அட்டை ஒன்று எங்களிடம் இருக்கிறது. கோப்பை, மாத்திரை, கழிப்பறை, நெஞ்சு, வயிறு. மொழி தெரியாதவர்கள் அதில் விரலை வைத்தால் போதுமாம். எல்லாரும் கழிப்பறையைத் தொட்டுவிட்டு ஜூஸ் கேட்கிறார்கள்.

எங்கள் குழுவில் ஜோஸ்லின் என்று ஒரு புதுப்பெண், கியூபெக்கிலிருந்து வந்தவள், வயது இருபத்திரண்டு. இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. யாருக்காவது தும்மல் வந்தாலும் இவள் கண்ணில் தண்ணீர். விமானத்துக்குள் எங்களுக்கெல்லாம் தலைமை பர்சர். எங்கள் பர்சர் ஹ்யூ பார்ட்லெட், இருபது வருட சர்வீஸ். அக்கா, நானும் பர்சர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். நவம்பர் பதினேழில் நேர்முகம். அம்மாவை ஜெபமாலை சொல்லச் சொல்.

குளிருக்கு முன் ஜன்னல்களை அடைத்துவிடுங்கள்.
ஃப்ளோரா

தனித்தாள்: என் ஆமாமைப் பற்றி எழுதியிருந்தாயே. பயிற்சிப் பள்ளியில் முதல் நாள் "புரிஞ்சுதா?" என்று கேட்டார்கள். நான் உள்ளே இழுத்தேன். "கில்லிஸ், உன்னக் கரையில தூக்கிப் போட்டுட்டாங்களா? பயணி நீ செத்துட்டேன்னு நினைப்பான்!" என்றாள் ஆசிரியை. ஆறு வாரம் எனக்கு 'மீன்' என்று பெயர். இரண்டு வருடம் கண்ணாடி முன் நின்று பழகி அதை விட்டேன். இங்கே எல்லாரும் என்னை ஹாலிஃபாக்ஸ் பட்டணத்துக்காரி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.


ஜூடிக்
14 அக்டோபர் 1987

ஹாலிஃபாக்ஸ்காரிக்கு,

ஜூடிக்கில் எல்லாரும் நலம். உனக்கும் சளி கிளி இல்லாமல் இருக்கும் என்று நம்புகிறேன். அறுவடை நன்றி நாளுக்கு வான்கோழி செய்தோம், உன் பங்கைச் சாமியாரே சாப்பிட்டுவிட்டார். ஜெபமாலை தினமும் நடக்கிறது. முழங்காலுக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததை அம்மா உன் பர்சர் வேலைக்கு மாற்றிவிட்டாள். தைலம் நன்றாக வேலை செய்கிறது, குதிரைதான் பாவம்.

தனித்தாளை வாசித்தேன். மீன் பிடித்தே உன்னை வளர்த்தார் அப்பா. அந்தப் பெயருக்கு இத்தனை வெட்கமா? சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருவாய் அல்லவா? பதிலை எழுதி அனுப்பு, மூச்சில் அனுப்பாதே.
இஷ்பெல்


டொரான்டோ
11 நவம்பர் 1987

அன்புள்ள அக்கா, அம்மா,

நலமாக இருக்கிறேன், கொஞ்சம் தூக்கம் குறைவு. உங்கள் பக்கம் பனி தொடங்கிவிட்டதா?

போன வியாழக்கிழமை ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து திரும்பும்போது ஒரு சம்பவம். எரித்ரியாவிலிருந்து, அஸ்மாராக்காரி ஒரு அம்மாள், ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைப் பருத்திச் சால்வை, மடியில் ஒரு தகர டப்பா. ஒரு வார்த்தை இங்கிலீஷ் இல்லை. டீ வேண்டுமா என்று ஜோஸ்லின் கேட்டாளாம், அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியதாம். உடம்புக்கு என்ன என்று கேட்டாளாம், மறுபடியும் வாங்கியதாம். ஹ்யூ வந்து படம் போட்ட அட்டையைக் காட்டினார். அவள் வயிற்றுப் படத்தைத் தொட்டு, டப்பாவைத் தொட்டு, முன்பக்கம் கையை நீட்டினாள். விமானத்தில் டாக்டர் இல்லை, ஒரு ஜெர்மானியப் பல் வைத்தியர் நாடி பார்த்து, வேகமாக ஓடுகிறது என்றார். ஆக்சிஜன் வைத்தோம். கடைசியில் நியூஃபவுண்ட்லாந்தில், கான்டரில், விமானத்தை இறக்கி அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஐந்து மணி நேரம் தாமதம்.

நான் பெரும்பாலும் பின்பக்கச் சமையலறையில்தான் இருந்தேன். எல்லாரிடமும் வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான் விஷயம். நேர்முகத்துக்குப் புதுச் சட்டை தைத்திருக்கிறேன், கடல்நீலம்.

அம்மா, முழங்காலை மூடி வைத்துக்கொள்.
ஃப்ளோரா


ஜூடிக்
24 நவம்பர் 1987

ஃப்ளோராவுக்கு,

பனி வந்துவிட்டது. அம்மாவுக்கு லேசான ஜலதோஷம், கவலைப்பட ஒன்றுமில்லை. நேர்முகம் எப்படிப் போயிற்று? கடல்நீலம் உனக்கு எப்போதுமே எடுப்பு.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். டீ வேண்டுமா என்று கேட்டதும் அந்த அம்மாள் மூச்சு வாங்கினாள் என்ற இடத்திலேயே அம்மா பின்னலை மடியில் வைத்துவிட்டாள்.

"அவ ஆமான்னுதானேடி சொல்லியிருக்கா?"

நான் சிரித்துவிட்டேன். "அம்மா, அவ ஆப்பிரிக்காக்காரி, ஜூடிக்காரி இல்ல" என்றேன்.

"ஆப்பிரிக்காவுல மூச்சு உள்ள போகாதா? டீ வேணுமான்னு கேட்டா வேற என்ன சொல்லுவா?"

"அப்படி இருந்தா நம்ம ஃப்ளோராவுக்குத் தெரியாதா? அவதான் அங்கேயே இருந்தாளே" என்றேன். அதற்கு அம்மா உள்ளே ஒரு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி பின்ன ஆரம்பித்தாள்.

அந்த அம்மாள் இப்போது எப்படி இருக்கிறாள்? அம்மா தினமும் கேட்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
இஷ்பெல்


டொரான்டோ
16 டிசம்பர் 1987

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

நலம். உங்கள் நலம் வேண்டும். ஜலதோஷம் போய்விட்டதா?

வேலை கிடைத்துவிட்டது! ஜனவரி முதல் தேதியிலிருந்து நான் பர்சர். கைமடிப்பில் இரண்டு தங்கக் கோடு. அம்மாவின் ஜெபமாலைக்குத்தான் நன்றி.

ஆனால் கிறிஸ்துமஸுக்கு வர முடியாது, லண்டன் விமானத்தில் போட்டுவிட்டார்கள். அம்மாவுக்குச் சால்வையும் அக்காவுக்குக் கையுறையும் பார்சலில் வருகின்றன. வேறு விசேஷம் இல்லை.

இனிய கிறிஸ்துமஸ்.
ஃப்ளோரா


ஜூடிக்
19 ஜனவரி 1988

அன்புள்ள ஃப்ளோராவுக்கு,

வீட்டில் சுகம். கையுறை கச்சிதம். உன் தங்கக் கோடுகளை அம்மா ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். உன் உடம்பு எப்படி என்று உண்மையாகவே கேட்கிறேன், ஏனென்றால் நீ எழுதவில்லை.

அந்த அம்மாளைப் பற்றி அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ பதில் எழுதுகிற வழியாகத் தெரியவில்லை. எனவே கான்டர் தபாலாபீஸுக்கு நானே எழுதினேன். எங்கள் துறையில் அது ஒரு வசதி. போஸ்ட் மாஸ்டரின் மனைவி பெர்னிஸ் அங்கே நர்ஸ். அந்த அம்மாள் வந்து இறங்கியபோது டியூட்டியில் இருந்தவளே அவள்தான். பெர்னிஸ் எழுதியதை அப்படியே தருகிறேன்:

'முகமூடியோடு தூக்கி வந்தார்கள். நான் முகமூடியைக் கழற்றி, "தண்ணி வேணுமா, தங்கம்?" என்று கிளாஸைக் காட்டினேன். மூச்சை இழுத்தாள். என் மாமியார் சொல்வது மாதிரியே இருந்தது. "போர்வை வேணுமா?" மறுபடி அதே. "உன் காலை வெட்டிரலாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன், அதற்கும் அதே. இவளுக்கு ஒன்றும் புரியவில்லை, மரியாதைக்கு ஆமாம் சொல்கிறாள் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துபோயிற்று. டாக்டரும் பார்த்தார், ஒரு வியாதியும் இல்லை. ஆனால் அன்றைக்கே பனிப்புயல் வந்து விமான நிலையத்தை மூன்று நாள் மூடிவிட்டார்கள்.'

அவள் பெயர் லெம்லெம். டொரான்டோவில் இருக்கும் மகள் ரிஷானுக்கு அது நிறைமாதம். மருமகன் சூடானில் மாட்டிக்கொண்டிருக்கிறான். மகளுக்கு அந்த ஊரில் வேறு நாதியில்லை. பிரசவமானதும் பெற்றவள் கையால் மாவுக்கஞ்சி கிண்டி, நடுவில் குழிபறித்து வெண்ணெய் ஊற்றிக் கொடுப்பது அவர்கள் வழக்கமாம். அந்த வெண்ணெய்தான் டப்பாவில். வயிற்றைத் தொட்டுக் காட்டினாளே, அது மகளின் வயிறு; முன்பக்கம் கையை நீட்டியது மகள் இருக்கும் டொரான்டோவை.

மகள் தனியாகவே பெற்றாள், பெண் குழந்தை. பெர்னிஸ் போன் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். செய்தி கேட்டதும் லெம்லெம் ரிசீவருக்குள்ளேயே மூன்று தடவை குலவையிட்டாளாம், பெண் குழந்தைக்கு மூன்று. வார்டே நடுங்கிப்போய் மறுபடியும் ஆக்சிஜனைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்ததாம். பெர்னிஸ் எழுதியிருக்கிறாள்: 'எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.' எனக்கும்தான்.

கடைசியில் இந்த வரி இருந்தது: 'அந்த விமானத்தில் எங்கள் பக்கத்து ஆள் ஒருத்தர் இருந்திருந்தால் போதும், இது நடந்தே இருக்காது.'

ஃப்ளோரா, அந்த நேரம் நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய்?

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்கவில்லை.
இஷ்பெல்


ஜூடிக்
26 பிப்ரவரி 1988

ஃப்ளோராவுக்கு,

இருவரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

தினமும் காலையில் மூட்டையைப் பிரித்து ஊராருக்கெல்லாம் கடிதம் பிரித்து அடுக்குகிறேன். நம் வீட்டுப் பெட்டிக்கு மின்சார பில்தான். அம்மா இப்போதெல்லாம் "கடிதாசி வந்துச்சா?" என்று கேட்பதில்லை. நான் படியேறும் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

நான் கோபமாக ஏதாவது எழுதியிருந்தால், நீயும் கோபமாகவே பதில் எழுது.
இஷ்பெல்


டொரான்டோ
20 மார்ச் 1988

அன்புள்ள அக்கா,

உடம்பு நலம். உங்கள் நலத்தைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். தனித்தாள் கிடையாது. இதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு.

நான் லெம்லெமின் இருக்கைக்கு மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

முதலில் பின்னால்தான் இருந்தேன். ஜோஸ்லின் ஓடிவந்து, "ஃப்ளோரா, அந்தம்மாவுக்கு மூச்சு முட்டுது, வாயேன்!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஹ்யூ குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூச்சு விடக் கஷ்டமா இருக்காம்மா?"

அவள் உள்ளே இழுத்தாள்.

"நெஞ்சு வலிக்குதா?"

மறுபடியும்.

"ரொம்ப வலிக்குதா? ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"

தலையைப் பணிவாகச் சாய்த்து மறுபடியும் இழுத்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஹ்யூவின் முகம் வெளிறிக்கொண்டே போயிற்று. அவளோ, சீருடை போட்ட பெரிய மனிதர் இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாரே என்று மரியாதைக்கு ஆமாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா சாமியாரிடம் சொல்வதுபோலவே சொன்னாள்.

ஹ்யூ நிமிர்ந்து, "இது என்னன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுதா?" என்று கேட்டார். நாலு பேர் நின்றோம்.

எனக்குச் சந்தேகமாக இருந்தது, அதனால் பேசவில்லை என்று இத்தனை மாதமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய், அக்கா. முதல் மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "அது ஆமா, எங்க ஊர்லயும் இப்படித்தான்" என்று ஒரே வரி சொன்னால் போதும். சொன்னால், "எங்க ஊரா? எங்க, செஞ்சு காட்டு" என்பார்கள். எல்லார் முன்னாலும் நான் மீன் மாதிரி மூச்சு இழுத்துக் காட்ட வேண்டும். நேர்முகத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் ஆக்சிஜன் உருளையைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்து அதற்கும் ஆமாம் என்றாள்.

'நோயின் அறிகுறி பற்றி எனக்கு எதுவும் தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்தளவில் உண்மை, நோயே இல்லையே.

இப்போது நடப்பதைக் கேள். மகள் ரிஷான் கம்பெனிக்குப் புகார் எழுதியிருக்கிறாள். டாக்டரின் அறிக்கையும் வந்துவிட்டது. யார் தலையிலாவது போட வேண்டும் அல்லவா? ஜோஸ்லின் பதறிப்போய் எல்லாரையும் தவறாக வழிநடத்திவிட்டாள் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து அவளுக்கு வேலை கொடுக்கவில்லை. ஏப்ரல் ஆறில் விசாரணை, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிறார்கள். சாட்சிகள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. 'நவம்பரில் எழுதியதை உறுதி செய்தால் போதும், இரண்டு நிமிட வேலை' என்று கடிதம் வந்திருக்கிறது. நேற்று ஜோஸ்லின் போன் செய்து அழுதாள். "நீ பக்கத்துலயே இருந்தியே ஃப்ளோரா, நான் வேணும்னு பண்ணலன்னு சொல்லுவியா?" என்றாள். சொல்கிறேன் என்று வெளிமூச்சில் தெளிவாகச் சொன்னேன்.

என்ன செய்யட்டும், அக்கா?
ஃப்ளோரா


ஜூடிக்
28 மார்ச் 1988

ஃப்ளோராவுக்கு,

நாங்கள் நலம். சாப்பிடுகிறாயா? எழுத்தைப் பார்த்தால் சாப்பிடுகிற மாதிரித் தெரியவில்லை.

வாசித்துக் காட்டச் சொன்னாய், காட்டினேன்.  அம்மா மத்தியானச் சாப்பாட்டையும் தொடவில்லை. பின்னலை எடுத்தாள், வைத்தாள். சாயங்காலம் நான் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தபோது என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அப்ப, நான் போன்ல ஆமா ஆமான்னு சொன்னப்பவும் அவளுக்குக் கேட்டிருக்கும், இல்ல?"

இதற்குப் பதிலை நீயே சொல்லிக்கொள்.

என்ன செய்யட்டும் என்று கேட்கிறாய். உனக்குத் தெரியாத மாதிரி! பத்தாவது வயதில் சாமியார் வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டு வந்து என்னிடம் இதையேதான் கேட்டாய். அன்றைக்குக் கன்னத்தில் ஒன்று கொடுத்தேன். இப்போது டொரான்டோ தூரம், கை எட்டவில்லை.

உன்மேல் எனக்கு ஆத்திரம். தனியாகக் கிடந்து பெற்ற அந்தப் பெண்ணை நினைத்தால் இன்னும் ஆத்திரம். ஆனால் உன்னை 'மீன்' என்று ஆறு வாரம் கூப்பிட்டார்களே, அவர்கள்மேலும் எனக்கு ஆத்திரம்தான். இதில் எதையும் மறைக்கத் தோன்றவில்லை.

ஓட்ஸ் ரொட்டி அனுப்பியிருக்கிறேன். சுட்டது நான் இல்லை.
இஷ்பெல்


டொரான்டோ
24 ஏப்ரல் 1988

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

சுகமாக இருக்கிறேன், இப்போது நிஜமாகவே. ரொட்டியில் ஒன்றுகூட மிச்சமில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி? அங்கே பனிக்கட்டி உருகிவிட்டதா?

ஏப்ரல் ஆறில் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். என் நவம்பர்த் தாளை நகர்த்தி வைத்து, "இதுல இருக்கிறது உங்க வாக்குமூலம்தானே, மிஸ் கில்லிஸ்?" என்று கேட்டார்கள்.

நான் மூச்சை உள்ளே இழுத்தேன்.

நடுவில் இருந்தவர் தலையைத் தூக்கி, "என்னாச்சு? தண்ணி வேணுமா?" என்றார். அதற்கும் உள்ளே இழுத்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்தே விட்டாள். அப்புறம் சொன்னேன். "பயப்படாதீங்க. ரெண்டு தடவையும் நான் ஆமான்னுதான் சொன்னேன். எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க. அந்தம்மாவும் அதைத்தான் சொன்னாங்க. எனக்கு அன்னிக்கே தெரியும், நான் சொல்லல. ஜோஸ்லின் மேல ஒரு தப்பும் இல்ல, நீங்களே இப்ப எழுந்துட்டீங்களே." அந்த அம்மாள் மெதுவாக உட்கார்ந்தாள்.

ஜோஸ்லினுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. வெளியே வராந்தாவில் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "உன்கிட்ட நேத்துகூட அழுதேனே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நேற்று அல்ல, இரண்டு வாரத்துக்கு முன்னால். திருத்த எனக்கு வாய் வரவில்லை. என் கைமடிப்புக் கோடுகளை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு, பிறகு பழையபடி பின்பக்கச் சமையலறை. வேலையை விட்டே அனுப்புவார்கள் என்று நினைத்தேன், அனுப்பவில்லை.

நேற்று ரிஷான் வீட்டுக்குப் போனேன். முதலில் எழுதிக் கேட்டேன், 'வரலாம்' என்று ஒரே வார்த்தையில் பதில் வந்திருந்தது. மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது லெம்லெம்தான், தோளில் குழந்தை. என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. முகமூடியைக் கொண்டுவந்த கை அல்லவா?

உட்கார வைத்தாள். காபிக் கொட்டையை வறுத்து, இடித்து, கறுப்பு மண் ஜாடியில் காபி வைத்தாள். ரிஷான் எங்களுக்கு நடுவில் இருந்து பேச்சை மாற்றி மாற்றிச் சொன்னாள். நான் முழுவதையும் சொன்னேன். ரிஷான் ஓரிடத்தில் நிறுத்தி, "இதையும் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். சொல் என்றேன். லெம்லெம் வெகுநேரம் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடமே நேராக ஏதோ கேட்டாள்.

"உங்களுக்கு எங்க பாஷை தெரியாதுன்னுதான் இத்தனை நாள் அம்மா நினைச்சிருந்தாங்க" என்றாள் ரிஷான். "தெரியாதவங்க மேல கோவப்பட முடியாதுன்னு சொல்லிட்டே இருப்பாங்க. இப்ப கேக்கறாங்க, உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

நான் லெம்லெமைப் பார்த்து, மூச்சை உள்ளே இழுத்தேன்.

அவளுக்கு மகள் மாற்றிச் சொல்லத் தேவைப்படவில்லை. கண் நிறைந்து வழிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சால்வை முனையால் துடைத்தாள். "அப்படின்னா இது இன்னும் மோசம்னு சொல்றாங்க" என்றாள் ரிஷான், குரலைத் தாழ்த்தி. நான் எழுந்துவிட்டேன். ரிஷான் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "மூணு சுத்து காபி முடியாம எங்க வீட்டுலேர்ந்து யாரும் போகக்கூடாது. நீங்க ஒண்ணுதான் குடிச்சிருக்கீங்க."

இரண்டாவது சுற்றையும் குடித்தேன். குழந்தைக்கு விக்கல் வந்தது, அதன் சத்தம் மட்டும். மூன்றாவது சுற்றில் லெம்லெம் ஜாடியைச் சாய்த்தபடி என் கோப்பைக்கு மேலே நிறுத்தி, புருவத்தைத் தூக்கி, ஊற்றட்டுமா என்று கேட்டாள். அட்டையும் இல்லை, படமும் இல்லை. நான் ஆமாம் என்றேன், உள்ளே. அவளும் உள்ளே ஒரு மூச்சு இழுத்துவிட்டு ஊற்றினாள். மன்னித்துவிட்டாள் என்று எழுத எனக்குத் தைரியமில்லை. காபி ஊற்றினாள், அவ்வளவுதான். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

அம்மா, உன் கேள்விக்கு வருகிறேன். செப்டம்பரில் நான் போன் செய்தது சிப்பந்திகள் ஓய்வறையிலிருந்து. பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். நீ மூன்று தடவை சொன்ன ஆமாமும் எனக்குக் கேட்டது. நாலாவதும் கேட்டது. அவர்கள் காதில் விழுந்துவிடுமோ என்றுதான் லைன் அறுந்தது என்று சொல்லி வைத்தேன்.

வருகிற ஞாயிறு மத்தியானம் போன் செய்கிறேன். அக்கா, ரிசீவரை அம்மாவிடம் கொடு. "வீட்டுக்கு வர்றியாடி?" என்று அவள் கேட்கட்டும். என் பக்கம் ஒரு சத்தமும் இல்லாவிட்டால், லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிட வேண்டாம்.

ஃப்ளோரா